சல்லடை எலும்பு

பீடோர் சாலை வளைவில்
லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள்மேல்
மோட்டார் வழுக்கியது. பின்மண்டையில் அடி.
மூன்று தையல். கை கால் சரி.
ஞாபகமும் சரி, கடன்காரர்கள் பெயர் உட்பட.
வீடு வந்து கோப்பி கலக்கினேன்:
சூடான இனிப்புத் தண்ணீர்.

தாப்பா ஆஸ்பத்திரியில் டாக்டர் நூர் அஸ்லின்
என் மகள் வயதுதான்,
படம் போட்டுக் காட்டினாள்.
மூக்கின் கூரையில் ஓர் எலும்பு, முழுக்க ஓட்டை.
தேங்காய்ப்பால் வடிகட்டி மாதிரியா என்றேன்.
அதேதான், புவான்.
ஓட்டைகள் வழியே நரம்பின் இழைகள்
மேலே மூளைவரை போகும்.
மண்டை குலுங்கியதில் அறுந்திருக்கும்.

அப்படியென்றால் நாக்கு?
நாக்கு நன்றாக இருக்கிறது,
அதற்குத் தெரிந்ததே கொஞ்சம்தான்.
இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு.
உறைப்பு எங்கே என்றேன்.
அது சுவையில்லை, வலி.
துவர்ப்பு?
வாய்த்தோல் இழுபடுவது. தொடுகை.
அறுசுவை என்று பள்ளியில் ஒப்பித்தவள் நான்.
கண்ணெதிரே இரண்டைக் கழித்துவிட்டு
இக்கான் பிலிஸ் கொதியில் ஊறுகிற ஒன்றை
ஐந்தாவது என்று எழுதிக் காட்டினாள்.
அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

மிச்சமெல்லாம்,
பாண்டான் இலை, வறுத்த பெலாச்சான்,
மீ கோரெங்கின் அந்தக் கருகல்,
மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் ஏறி
மூக்கின் பின்கதவைத் தட்டுமாம்.
நாற்பத்தாறு வருடம்
நாக்குக்குப் போன பாராட்டில் பெரும்பங்கு
அந்தக் கதவுக்குச் சேர வேண்டியது.

இழைகள் திரும்ப முளைக்கும் என்றாள்.
பிறகு, முளைக்கலாம் என்றாள்.

எனக்குப் பிழைப்பு நாசி லெமாக்.
ஆலை வாசலில், விடிகாலை நாலரைக்குக் கடை.
ஒரு செவ்வாய்க்கிழமை
புளித்துப்போன தேங்காய்ப்பாலில்
எழுபது பொட்டலம் கட்டி விற்றிருக்கிறேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் வரவுமில்லை.
கொதிகலன் பகுதி ஜஹிருல் மட்டும்
ஒரு வாய் தின்ற பொட்டலத்தை மடித்துக் கொண்டுவந்து
மேசைமேல் வைத்தான்,
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

அன்றிலிருந்து அவன்தான் எனக்கு மூக்கு.
இரவு ஷிப்ட் முடிந்து வருவான்,
கரண்டியை முகர்வான், ஊதி ஊதி நக்குவான்.
அவன் வங்காளமும் என் தமிழும்
இரண்டு மலாய்ச் சொல்லில் அடங்கிவிட்டன:
கூராங். சுக்குப்.
போதாது. போதும்.

நான் பசியாறுவது சும்மா.
வெள்ளரிக்காய் நறுக்கென்கிறது,
முட்டை வழுக்குகிறது,
சம்பால் எரிகிறது.
எரிச்சலாவது மிஞ்சியதே என்று
ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்வேன்.

கழிவுக் குளத்தின் நாற்றத்துக்கு
ஊரே ஜன்னல் சாத்தும்.
ஆ மோய் கோப்பிக் கடையில் பத்தி கொளுத்துவாள்.
நான் குளக்கரையோரமாகவே நடந்து போவேன்,
சண்டை நடக்கும் வீட்டைக்
காது கேளாதவள் கடப்பதுபோல.

ஏழாம் மாதம் ஏதோ வந்தது.
பாண்டான் இலையைக் கிள்ளினேன்: எரிந்த டயர்.
சோப்பு: எரிந்த டயர்.
என் வீட்டுக்காரர் அமிர்தனின் கழுத்து, அதுவும்.
ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.
முளைத்த இழை
தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறது, பொறுங்கள் என்று
டாக்டர் போனில் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு விடியல். மழை விட்டிருந்தது.
காற்று குளத்தின் பக்கமிருந்து திரும்பியது.
சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.
புளித்தது, கொழுத்தது, அழுகியது,
டயர் இல்லை.
என் மூக்கை நானே நம்பவில்லை.
ஜஹிருல் அப்போதுதான் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.
பாவ்? என்று காற்றைக் காட்டிக் கேட்டேன்.
அவன் முகம் கோணியது,
சட்டைக் காலரை இழுத்து மூக்கை மூடி
பூசோக் என்றான். மறுபடியும், பூசோக்.

அவன் பொட்டலத்தில் இரண்டு முட்டை வைத்தேன்.
பிரித்துப் பார்த்துவிட்டு
தப்பாகக் கட்டிவிட்டேன் என்று நினைத்து
ஒன்றைத் திருப்பித் தர வந்தான்.