பதினேழாவது வாரம், உள்ளூர்

அட்டவணையில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது:
பதினேழாவது வாரம், உள்ளூர்.
பக்கத்துக் கட்டத்தில், பொடி எழுத்தில், மயாமி.

சிப்பி ஆலையின் மதிய இடைவேளையில்
மருஷா அதை உரக்க வாசித்தாள்.
யாரோ ஒருத்தி ரொட்டியை மென்றபடி,
"கடல் இருக்கிறதல்லவா இரண்டு பக்கமும்,
உள்ளூர்தான்" என்றாள்.
சிரிப்பு வரவில்லை.

கிளப் தலைவர் வானொலியில் கணக்குச் சொன்னார்.
ஒரே இரவில் வரும் பணம்
நாங்கள் மூன்று சீசன் டிக்கெட் வாங்கினாலும் சேராதாம்.
பெண்கள் அணிக்குப் பேருந்து.
மேற்குக் கூரையின் ஒழுகலுக்குத் தகரம்.
பொய் என்று தள்ள முடியவில்லை என்னால்.
அந்தக் கூரைக்கடியில்தான் என் இடம்,
பதினோராம் வரிசை, இருபத்து மூன்று.
எட்டு வருடமாக
என் இடது தோள் மட்டும் ஆட்டம் பார்த்து நனைகிறது.

ஆனால் கடைசி இடத்து அணி
நவம்பரில் இங்கே வந்தது,
கணுக்கால் புதையும் சேற்றில் வழுக்கி விழுந்து
மூன்று கோல் வாங்கிக்கொண்டு போனது.
தலைநகரத்தின் பெரிய அணிக்கு மட்டும்
எங்கள் சேறு ஏன் காட்டப்படக் கூடாது?
இதைத்தான் கேட்டு எழுதினேன்.
பதிலில் ஒரு தொகை வந்தது:
ஓர் ஆட்டத்துக்கான ஈடு, பத்தொன்பது யூரோ நாற்பது.

அன்றிரவு நீ அழைத்தாய், ப்ராய்ஷ்.
இங்கே பத்து மணி, தூறல்.
அங்கே வெயில் கொளுத்தும் நாலு மணி,
உன் குளிர்லாரி உறுமிக்கொண்டிருந்தது.
"டிக்கெட் கிடைத்துவிட்டது" என்றாய்,
பன்னிரண்டு வயதுக் குரலில்.

கத்தினேன்.
வீட்டு அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்
எவன் தெருவிலோ சமைக்கிறார்கள்,
நீ தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாய் என்றேன்.
இன்னும் மோசமாகவும் ஏதோ சொன்னேன்.

நீ எஞ்சினை அணைத்தாய்.
அந்த அமைதியில் ஒரு கடல்பறவை கத்தியது,
உன்னுடையதா என்னுடையதா தெரியவில்லை.
"காகிதம் இல்லாமல் பதினாறு வருடம், உஷியா.
வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள்.
நான் ஆடுவதெல்லாம் வெளியூர் ஆட்டம்தான்.
ஒரே ஒரு நாள்
எனக்கும் உள்ளூர் என்று போட்டிருக்கிறது."

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.
காலையில் வேலை இருக்கிறது என்றிருப்பேன்.

ஆட்டத்தன்று ஃபீஸ் தன் பாரில்
தொலைக்காட்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.
நாற்பது பேர் சுவரைப் பார்க்கும் பெட்டியைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.
மேசைக்கடியில் சிலருடைய முட்டிகள்
நீல வெளிச்சத்தில் மின்னின.
யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அறுபத்தேழாவது நிமிடத்தில்
உன்னிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு.
கழிவறைக்குள் போய்க் காதில் வைத்தேன்.
இரைச்சல், மேளம், விற்பனைக்காரனின் கூவல்,
அதற்குள் ஒரு ஆள்,
உன் பக்கத்து இருக்கையாக இருக்க வேண்டும்,
நடுவரைத் திட்டுகிறான்:
அவர் தாயை அல்ல,
அவர் வலை காய்வதை.
நம் கழிமுகத்தைத் தவிர
வேறெந்தக் கரையிலும் இல்லாத வசவு.
உன் சிரிப்பு அதன்மேல் ஏறி உடைகிறது.
மூன்று முறை கேட்டேன்.
வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஒன்றுக்கு இரண்டு, தோற்றோம்.

பிப்ரவரியில் உறுப்பினர் கூட்டம்.
அடுத்த வருடமும் போகலாமா என்று கேட்டார்கள்.
புதுத் தகரத்தின்மேல் மழை பெரிதாகக் கேட்டது;
ஒழுகவில்லை.
கூடாது என்று முதலில் உயர்ந்த கைகளில்
என்னுடையதும் ஒன்று.
மற்றொரு கை மேலங்கிப் பைக்குள் இருந்தது,
போனைப் பிடித்துக்கொண்டு.

இதை நீ யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வாய்.
அதற்கு முன் நானே சொல்கிறேன்.
எதிர்த்துத்தான் கை தூக்கினேன், ப்ராய்ஷ்.
இனியும் தூக்குவேன்.
அப்புறம்,
அந்த இரண்டாவது கோல் ஆஃப்சைடுதான்.
அந்த ஆள் திட்டியது சரி.