ஜெயில் காட்சி

நாடகம் எழுதியது நான்தான்,
ஐஸ் கம்பெனி ரசீதுகளின் முதுகில்.
கதை என்னுடையதில்லை.
முஹரக் துறையில் வலை பொத்துகிற ராத்திரிகளில்
ஆளாளுக்குச் சொன்னதை
முடிச்சுப் போட்டேன், அவ்வளவுதான்.
ஒருத்தனுக்கு நடுக்கடலில் மோட்டார் தீப்பிடித்தது.
ஒருத்தனின் அர்பாப் நாலு மாசச் சம்பளத்தோடு மறைந்தார்.
வியாகுலத்துக்குப் பிள்ளை பிறந்த சேதி
பதினெட்டு நாள் கழித்துக் கரைசேர்ந்தது.
தஸ்நேவிஸ் மட்டும் எதுவும் தரவில்லை.
அவன் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது லாஞ்சு,
சுக்கான் அவன் கையில்.
ரோந்துப் படகின் வெளிச்சம் பட்டதும்
அக்கா மகன் அருளப்பன் குதித்தான்.
பத்தொன்பது வயசு.
மிச்சப் பேருக்கு ஏழு மாசம் ஜெயில்.

கேட்காமல் எழுத முடியுமா?
கேட்டேன்.
ஹமூரின் செதிளை நகத்தால் சுரண்டிக்கொண்டே
நெடுநேரம் இருந்தான்.
"எழுது. ஆனா அந்த ஆபீசர் வேஷம் எனக்கு.
அவன் நின்ன தினுசு ஒங்க ஒருத்தனுக்கும் தெரியாது."

உண்மைதான்.
இடுப்பில் இடதுகை, கடைவாயில் பூசணி விதை,
தோலைத் துப்பும்போது மட்டும் ஒரு சிரிப்பு.
ஒத்திகையில் அவன் வந்து நின்றால்
விசா முடிந்த இரண்டு பேர்
நிஜமாகவே பின்வாங்கினார்கள்.

எட்டு தெர்மாகோல் பெட்டி சேர்ந்தால் லாஞ்சு.
நீலத் தார்ப்பாய்தான் கடல், ஆட்ட இருவர்.
அருளப்பனாக ரஃபீக், சிட்டகாங்காரன்,
வசனமே இல்லாத வேஷம் என்பதால்.
குதித்தவன் தலையில் ஊற்ற
திரைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர்.
பிவிசி குழாயில் ஜெயில் கம்பி.
சாவிக்கொத்தோடு அமல்ராயன்,
மூன்று வாரமாய் அதைக் குலுக்கிப் பழகியவன்.

அன்றைக்கு இருநூறு பேர்.
டார்ச் அடித்தார்கள். ஆபீசர் வந்தான்.
தமிழெழுத்தில் நான் எழுதிக்கொடுத்த அரபியை
"வெக்கிஃப்" என்று சரியாகத்தான் தொடங்கினான்.
ரஃபீக் பெட்டி விளிம்பில் கால் வைத்தான்.

தஸ்நேவிஸ் விதையை மென்றான்.
தோலைத் துப்பவில்லை, விழுங்கினான்.
"ரூஹ்" என்றான்.
யாரும் அசையவில்லை.
"போங்கடே. லைட்ட அணச்சிட்டுப் போங்க."
பிறகு ரஃபீக்கைப் பார்த்து, ஆபீசருடையதல்லாத குரலில்:
"நீ உள்ள இரிலே."

மறந்துவிட்டானென்று
திரைக்குப் பின்னிருந்து எடுத்துக்கொடுத்தேன்,
இரண்டு தடவை. பிறகு வாயை மூடினேன்.
தார்ப்பாய்க்காரர்கள் நின்றார்கள்,
ஒருவரையொருவர் பார்த்தார்கள்,
மறுபடி ஆட்டினார்கள்.
பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
லாஞ்சு முற்றத்தைச் சுற்றியது,
கூட்டம் காலை மடக்கி வழிவிட்டது,
கேட்டைத் தாண்டி
நிஜப் படகுகள் கட்டிக்கிடக்கும் இருட்டுக்குள்
போய்விட்டது.

என் கையில் பதினோரு ரசீது மிச்சம்.
மேடையில் ஆபீசர் தனியாக,
இடுப்பிலிருந்து இடதுகையை
எடுக்கத் தெரியாமல்.

பிரியாணி வர இன்னும் அரைமணி.
அமல்ராயன் சாவி குலுங்காமல் கிட்டே வந்து,
"அடுத்த வாரம் சித்ரா துறையில
ஜெயில் உண்டாடே?" என்றான்.
தெரியவில்லை.
கேட்க வேண்டியவன்
தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான்,
நாலாய், எட்டாய், அதற்கும் சிறிதாய்.

ரஃபீக் திரும்பி வந்தான், தலை நனையாமல்.
சாப்பிட்ட பிறகு
அந்த வாளியில்தான்
எல்லாரும் கை கழுவினோம்.