கோட்டைத் தாண்டினால்

கிளிநொச்சி ஷோரூமில் பெடியன் சொல்கிறான்:
"அக்கா, வெள்ளைக் கோட்டைத் தாண்டினால்
ஸ்டியரிங் தானாய் இழுத்து உள்ளுக்கு விடும்.
மூன்றரை லட்சம்தான் கூட."

முகமாலையில் ஒன்பது வருசம்
முழங்காலில் நின்று மண் சுரண்டினவள்.
கோட்டைத் தாண்டாதே என்று எனக்கோ?
சிவப்புத் தடிகளை நட்டதே நான்தான்.

"ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, எங்கட கிரவலில்
கோடு ஏது தம்பி?
மாடு படுத்திருந்தால் வெட்டித்தானே எடுக்க வேணும்?"

"கொஞ்சம் இறுக்கும் அக்கா.
பலமாய் இழுத்தால் விட்டிடும்."

கையைப் பார்த்தேன்.
பலமாய் இழுத்துப் பழகின கையில்லை,
சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராய் நகர்ந்தது.

வாசலில் சத்தியசீலன் சைகை காட்டுகிறார்: எடு, எடு.
இரவில் கண் சொக்குவது அவருக்குத்தான்.

படிவத்தின் சின்னக் கட்டத்துக்கு மேலே
பேனை
இன்னும் இறங்கவில்லை.