வினைமுற்று

நாற்பத்தொன்றாம் இரவும் தேநீரில் கழிகிறது.
எண்பத்தெட்டு வேண்டும்.
கையில் எண்பத்தேழு.

இரண்டு பெரிய கட்சிகளின் தாத்தாக்கள்
ஒரே பாலத்தின் இரு முனைகளில் படுத்து
ஒருவரையொருவர் சுட்டவர்கள்.
பேரன்கள் இப்போது
கடைசி சாக்லேட் பிஸ்கட்டை
எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள், மரியாதையாக.
விட்டுக்கொடுத்தது யார் என்று
இரு தரப்பிலும் குறித்துக்கொள்கிறார்கள்.

பொருளில் சண்டையே இல்லை.
வீடு வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும்,
லிஃபி ஆறு தடையின்றிக் கடலுக்குப் போக வேண்டும்.
எல்லோருக்கும் சம்மதம்.
சண்டை முழுக்க வினைச்சொல்லில்.

"அரசு செய்யும்" என்கிறது ஒரு கட்சி.
"செய்ய முயலும்" என்கிறது மற்றது.
பன்னிரண்டே பேர் கொண்ட மூன்றாவது கட்சி
"செய்வது குறித்து ஆராய்ந்து, கலந்து, பரிசீலித்து"
என்று போய்க்கொண்டே இருக்கிறது.
எச்சத்துக்குப் பின் எச்சம்.
வாக்கியம் எங்கும் முடிவதில்லை.

தட்டச்சு செய்பவள் நியாசா ஹான்ராட்டி.
நூற்று இருபது பக்கம் அவள் விரல் வழியே போயிற்று.
எந்த வரி எந்த மணிக்குப் பல் இழந்தது என்று
அவளுக்குத்தான் தெரியும்.

லீட்ரிம் மலைப்பக்கத்துச் சுயேச்சை அட்ராக்டா கீவனி
மாட்டு வைத்தியர்.
தலை திரும்பிய கன்றை
இருட்டில் தடவியே வெளியே எடுப்பவர்.
மந்திரி பதவி கேட்கவில்லை. கேட்டது ஒரே வரி:
'ட்ரம்கீலில் ஆறு படுக்கைகளோடு
ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவை அரசு திறக்கும்.'
முற்றுப்புள்ளியின் மேல்
தன் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

மூன்றே முக்காலுக்கு வந்தார் ஆலோசகர் ருவாரி,
சட்டைக் கையை மடித்துக்கொண்டு.
"அறுபத்தேழாம் பக்கம். சின்னத் திருத்தம்."
திறக்கும், போயிற்று.
திறப்பதன் சாத்தியத்தைக் கருத்தில் கொள்ளும், வந்தது.

நியாசா அடித்தாள். அது அவள் வேலை.
பழைய பக்கத்தை
நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் மறந்துவிட்டாள்.
மறந்துவிட்டேன் என்றுதான்
கேட்டவர்களிடமெல்லாம் சொல்வாள்.

விடிந்து
நகலெடுக்க மூடியைத் திறந்தது அட்ராக்டா.

பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.
இருபது நிமிடம்
உள்ளே யாரும் குரல் உயர்த்தவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.
அட்ராக்டா வெளியே வந்தபோது
பேனா அவர் கையில் இருந்தது.
'செப்டம்பரில் திறக்கும்.'
மாதம்கூடப் போட்டாயிற்று.

ஐரிஷ் மொழியில் 'ஆம்' என்று ஒரு சொல் கிடையாது.
உண்டு என்பார்கள், இல்லை என்பார்கள்.
உண்டு என்பதற்கு அங்கே 'தா'.
சபையில் பெயர் கூப்பிடக் கூப்பிட
ஒவ்வொருவராய் எழுந்து
தா என்றார்கள், தா, தா, தா.
தமிழ்க் காதோடு மாடத்தில் உட்கார்ந்தவனுக்கு
கூட்டணி என்றால் என்னவென்று
அன்றைக்குத்தான் சரியாக விளங்கியிருக்கும்.
எண்பத்தெட்டாவது தா
கொஞ்சம் கரகரப்பாக, மலைப்பக்கத்து உச்சரிப்பில்.

மாலை, பஸ் ஏறினார்கள் மந்திரிகள்,
ஃபீனிக்ஸ் பூங்காவில் ஜனாதிபதியிடம் முத்திரை வாங்க.
மான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.
மாலக்கி டூஹிக்குக் கிடைத்த இலாகாவின் பெயர்
கதவுப் பலகையில் அடங்கவில்லை,
பலகையை மாற்றினார்கள்.
பிரதமர் நாற்காலியில் பாதிக் காலம் நெட்டையர்,
மீதிக் காலம் குட்டையர்.
உயரம் மாற்றும் பிடிக்கு
எண்ணெய் விட்டு வைத்தான் காவல்காரன்.

இரவு, அச்சுக்கு அனுப்புமுன்
கடைசியாக ஒருமுறை படித்தாள் நியாசா.
அறுபத்தேழாம் பக்கம். செப்டம்பரில் திறக்கும்.
வினை முற்றியிருந்தது, புள்ளி இருந்தது.

எந்த வருஷத்துச் செப்டம்பர் என்றுதான் இல்லை.

ஸ்லைகோ போகும் ரயிலில்
அட்ராக்டா இந்நேரம்
முல்லிங்கர் தாண்டித் தூங்கிக்கொண்டிருப்பார்.
நியாசா தொலைபேசியை எடுத்தாள்.
மணி அடித்துக்கொண்டே