முப்பத்தொன்றாம் கேள்வி

நாற்பத்தோராயிரம் பக்கம் அனுப்பியிருந்தார்கள்
மினியாபொலிஸிலிருந்து.
நாங்கள் கேட்டது கோதுமைத் தூசியைப் பற்றி.
வந்ததில் பாதி
பனி அள்ளும் ஒப்பந்தம், சாப்பாட்டு ரசீது,
யாரோ ஓய்வுபெறும் நாளுக்கு
கேக் சொல்லிவிட்ட ஈமெயில்.

துலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது.
துறையில் கப்பல்கள் பனிக்குள் நின்றபடியே உறங்குகின்றன.
என் ஹீட்டர் இருமுகிறது, நிற்கிறது, இருமுகிறது.

பதினெட்டாயிரத்து இருநூற்று ஆறாம் பக்கம்.
கிடங்கு மேலாளர் லாயல் பெக்ஸ்ட்ரம்
எழுதியிருக்கிறார்.
யாருக்கு என்று பார்ப்பதற்குள்
கண் ஒரு வரியைத் தின்றுவிட்டது:

*தூசி இழுக்கும் விசிறி வியாழக்கிழமையே நின்றுபோச்சு.
இதை நான் யார்கிட்டயாவது சொல்லணுமா?*

வெடித்தது சனிக்கிழமை.
கடிதம் அவருடைய வக்கீலுக்கு.
பக்கத்தை மூடினேன்,
கயிறு என்று தொட்டது நெளிந்ததும்
கையை உதறுகிறவளைப் போல.
கடித்ததா இல்லையா என்பது
அப்புறம்தான் தெரியும்.

போன் செய்தேன்.
"கான்ஸ்டன்ஸ், உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று
வழிதவறி என் வாசலுக்கு வந்திருக்கிறது."
மறுமுனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
நாற்பது நிமிடத்தில் கடிதம்:
திருப்பு, அல்லது அழி.
பயன்படுத்தாதே.
அழித்தேன். அழித்ததாகக் கையெழுத்தும் போட்டேன்.

மாலையில் மார்லிஸ் ஹார்யு கூப்பிட்டாள்.
"பெட்டிகள்ல ஏதாவது கிடைச்சுதா?"
"ஒரு கேக் ஆர்டர் கிடைச்சுது" என்றேன்.
சிரித்தாள். கணவன் போனபின்
நான் கேட்ட முதல் சிரிப்பு.
அதை இப்படியா நான் வாங்க வேண்டும்?

அந்த விதியின்மேல் எனக்குக் கோபமில்லை.
நவம்பரில் இதே நாற்காலியில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
மார்லிஸ் சொன்னாள்:
ஆர்லன் சிகரெட்டை விட்டு ஆறு வருஷம்,
ஆனாலும் லைட்டரை மட்டும் விடவில்லை,
சட்டைப்பையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பான்,
வேலை நேரத்திலும்.
கேட்டால் அவள் சொல்லியாக வேண்டும்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.
என்னிடம் சொன்னதை மட்டும்
எவரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.
ஒரே சுவர்தான்.
இந்தப் பக்கம் அவள் முதுகு சாய்த்திருக்கிறாள்,
அந்தப் பக்கம் பெக்ஸ்ட்ரம்.

சுவருக்குள் இருப்பது பேச்சு.
நடந்தது வெளியேதான் கிடக்கிறது.
அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும்
வியாழக்கிழமை அந்த விசிறி நின்றது.
சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டால்
பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நான் கேட்ட நொடியில்
கான்ஸ்டன்ஸ் பேனாவைக் கீழே வைப்பாள்:
"இது உனக்கு எங்கிருந்து வந்தது?"

எங்கிருந்தா?
என் மேசையில் மஞ்சள் தாள் கட்டு ஒன்று.
டிசம்பர் ஒன்பதாம் தேதி, காப்பிக் கறை,
என் கோழிக்கிறுக்கலில்:
*31. விசிறி கடைசியாக ஓடியது எப்போது?*
அந்த ஈமெயிலைப் பார்ப்பதற்கு
இரண்டு மாதம் முன்பே எழுதியது.
நான் திருடியில்லை என்பதற்கு
உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி.

அதைக் காட்ட முடியாது.
வழக்குக்காக நான் யோசித்ததெல்லாம்
அந்தத் தாளில் இருக்கிறது.
முப்பத்தொன்றைத் திறந்தால்
அடுத்த வரியையும் கேட்பார்கள்:
*32. லைட்டர். மார்லிஸைச் சாட்சி சொல்லவிடலாமா?*

வாக்குமூல நாள்.
ஜன்னலுக்கு வெளியே பனிவண்டி.
பெக்ஸ்ட்ரம் புதுச் சட்டை போட்டிருக்கிறார்,
கழுத்துப்பட்டியில் மடிப்பு இன்னும் கலையவில்லை.
தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார்.
தட்டெழுத்துப் பெண் விரல்களை ஊதிக்கொள்கிறாள்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
முப்பதுக்கு, "ஞாபகமில்லை."

கான்ஸ்டன்ஸ் என்னைப் பார்க்கிறாள்.
மஞ்சள் தாளைக் கவிழ்த்து வைக்கிறேன்.

"மிஸ்டர் பெக்ஸ்ட்ரம்," என்கிறேன்.