வலப்பக்கம் இழுக்கும் வண்டி

மொக்கொட்லோங்கில் ஜூன் மாதம்
இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்.
போர்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டி
ஹைலக்ஸின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினேன்.
முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கருங்கல்.
ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைய
நான் ஒன்றும் உயிர் வெறுத்தவள் இல்லை;
கட்டையும் முட்டுக் கொடுத்தேன்.

வண்டிக்கு முப்பத்திரண்டு வயது,
என் மூத்தவனைவிட ஒன்று கூட.
அவனைவிடச் சொன்ன பேச்சு கேட்கும்.
பிரேக் மிதித்தால் மட்டும்
வலப்பக்கம் ஒரு இழுப்பு,
மந்தையில் ஒரு ஆடு மட்டும்
ஓடைக்குத் திரும்பிவிடுவதுபோல.

அதற்காகத்தான் ட்செலிசோவை நிறுத்தினேன்.
போன நவம்பரில், ஏழு மூட்டைக் கம்பளியோடு,
மலையிறக்கத்தில் வலப்புற மண்சுவரை
உரசிக்கொண்டு போய் நின்றான்.
"குடித்திருந்தாய்."
"வண்டி தானாகத் திரும்பியது, மே மாலினேயோ."
"வாயில்லாததன்மேல் போடுகிறாயா?"
சந்தை நடுவில், நாலு பேர் கேட்க.
சம்பளத்தை நாள்கணக்குப் பார்த்துச்
சில்லறையோடு எண்ணிக் கொடுத்தேன்.

வலது டிரம் அசையவில்லை.
சுத்தியலால் சுற்றிவரத் தட்டினேன்.
பிறகுதான் ஞாபகம் வந்தது,
அதன் முகத்திலேயே இரண்டு துளை இருக்கும்:
போல்ட் இரண்டை மாற்றி மாற்றித் திருகினால்
தன்னைத் தானே தள்ளிக்கொண்டு வரும்.
வந்தது.
கறுப்புத் தூசி. ஊதக்கூடாது, நெஞ்சில் தங்கிவிடும்;
சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
லைனிங் தேய்ந்து போய்
ரிவெட் தலைகள் வெளியே மின்னின.
டிரம்மின் உள்வயிற்றில்
உழுத சால் மாதிரி இரண்டு கோடு.

இடது டிரம் ஒரே தட்டில் கழன்றது.
உள்ளே ஷூ,
வாங்கிய அன்றைய தடிப்பு குறையாமல்,
கண்ணாடிபோல் வழவழத்து,
ஓரத்தில் மட்டும் துரு.
சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினேன்.
பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
நெம்பினேன். ம்ஹூம்.

எத்தனை ஆண்டாக? எத்தனை மூட்டை?
இடப்பக்கம் சும்மா உருண்டிருக்கிறது.
வலப்பக்கம் ஒற்றையாளாய்ப் பிடித்திருக்கிறது,
பிடித்த பக்கம் வண்டி சாய்ந்திருக்கிறது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புது ஷூ நாலும் கையில் இருந்தன, சிலிண்டர் இல்லை.
பூதா-பூதே போகும் வேன்காரரிடம் பணம் கொடுத்தேன்.
மூன்றாம் நாள் சிலிண்டர் வந்தது,
மீதிச் சில்லறைக்குப் பதில் ஒரு கதை வந்தது.

ஒரு பக்கத்தைப் பிரிக்கையில்
மறுபக்கத்தைத் தொடவில்லை;
எந்த ஸ்பிரிங் எந்தக் காதில் என்று
எட்டிப் பார்க்க அது வேண்டும்.
அப்படியும் ஒன்று இடுக்கியிலிருந்து துள்ளிப்
பட்டிக்குள் விழுந்தது.
நான் சாணத்தைக் கிளற,
ஆடுகள் சுற்றி நின்று பார்த்தன.

எல்லாம் மாட்டி, நட்சத்திரப் பல்லைத் திருப்பி,
ஷூ டிரம்மை முணுமுணுத்து உரசும் இடத்தில் நிறுத்தினேன்.
மிச்சம் குழாயில் புகுந்த காற்று.
அதை எடுக்க ஒரு ஆள் போதாது.
ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் திறக்க வேண்டும்.
மூத்தவன் டர்பனில்.
பக்கத்து வீட்டுக்காரர் பிரேக் என்றால் கிளட்சை மிதிப்பார்.
போனை மூன்று முறை எடுத்து வைத்தேன்.

ட்செலிசோ வந்தான். கேள்வி கேட்கவில்லை.
தகரத்தில் கிடந்த பழைய ஷூக்களில்
தடித்தது ஒன்று, தேய்ந்தது ஒன்று எடுத்து
இரண்டு கையிலும் கனம் பார்த்தான்.
வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"மிதி."
"மிதித்தேன்."
"பிடி."
பாட்டிலில் குமிழ் வந்தது, இன்னும் வந்தது.
அடியில் கிடந்தபடியே சொன்னேன்:
"அன்றைக்கு நீ குடித்திருக்கவில்லை."

மேலே சத்தமில்லை.

"பெடல் தரையைத் தொட்டாயிற்று, மே.
முதலில் நிப்பிளை மூடுங்கள்," என்றான்.
"மற்றதைச் சந்தையில் வைத்துச் சொல்லுங்கள்."

மூடினேன்.
"விடு," என்றேன்.