சுமார்

காணவில்லை நோட்டீஸை டைப் அடித்தது நான்.
பெயர் வேடியப்பன். வயது சுமார் நாற்பத்தாறு.
உயரத்துக்கு வந்தபோது சாலம்மா
என் ஜெராக்ஸ் கடை நிலைக்காலில் கையை வைத்தாள்.
"இவ்ளோ இருப்பாரு."
பிறகு கையை ஒரு விரற்கடை இறக்கினாள்.
பென்சிலால் கோடு போட்டு டேப் வைத்து அளந்தேன்.
சுமார் ஐந்தடி நான்கு அங்குலம்.
பதினெட்டு வருஷம் கூட இருந்தவளின் கைக்கு
அதற்குமேல் நிச்சயமில்லை.

மாரண்டஅள்ளியில் தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு
விழுந்து கிடந்த நேரம்.
மண்டியில் காலி கிரேட்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து
ஆளுக்கொரு வேடியப்பனைச் செய்தார்கள்.

தரகர் நஞ்சப்பன் செய்தவருக்கு
ஓசூரில் இன்னொரு வீடு. வாசலில் ரோஜாத்தொட்டி.
வாடகைகூடத் தெரியும் அவருக்கு:
ஆறாயிரம், தண்ணி தனி.
பஞ்சர் கடை அன்வர்பாஷா ஒப்பவில்லை.
கல் அறுத்துவிட்டுப் போட்டுவிட்ட குவாரிக் குழி,
ஆழம் முதலாளிக்கே தெரியாது என்றார்.
மூன்றாம் நாள் மிதக்கணுமே என்றால்,
"கால்ல என்ன கட்டியிருந்ததுன்னு நீ பாத்தியா?"
ஏரிக்கரை வீரக்கல்லுக்கு அடியில் யாரோ தோண்டிய பள்ளம்
அதே வாரத்துப் பள்ளம் என்பதால்
புதையலும் வந்து சேர்ந்தது.
பலி கேட்டது பூதமா பங்காளியா என்பதில் மட்டும்
இரண்டு கட்சி.

யானை என்று சொன்ன ஒருவரை
யாரும் மதிக்கவில்லை.
யானை எதையும் ஒளித்துவைக்காது.

பாலிடெக்னிக் திவாகர் மேப்போடு வந்தான்.
கடைசியாக டவர் காட்டியது பெல்ரம்பட்டி பக்கமாம்,
யார் சொன்னார்கள் என்று கேட்கக்கூடாதாம்.
அங்கிருந்து நடந்தால் இவ்வளவு,
பஸ் ஏறியிருந்தால் இவ்வளவு,
சிவப்பில் இரண்டு வட்டம்.
கலர் பிரிண்ட், பெரிய தாள், நாற்பது ரூபாய்.
வாங்கிக் கல்லாவில் போட்டேன்.
சின்ன வட்டத்துக்குள்ளேயே என் கடை இருந்தது,
அவர் வீடும்.

அதையும் சொல்லிவிடுகிறேன்.
போவதற்கு முந்தின திங்கள் வந்தார்.
ஆதார் காப்பி.
"எத்தனை?"
"பத்துங்க."
"பத்தா?"
"ஆமாங்க."
இருபது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.
மறுநாள் மிஷின் மூடியைத் திறந்தால்
கண்ணாடிமேல் முகங்குப்புறக் கிடக்கிறது அசல்.
விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம்,
டிராயரில் போட்டு வைத்தேன்.
நோட்டீஸில் இருக்கும் முகம் அந்தக் கார்டில் எடுத்ததுதான்.
சாலம்மா கொண்டுவந்த கல்யாண போட்டோவில்
மீசை முளைக்காத வேறு யாரோ நின்றிருந்தான்.

ஏட்டய்யாவிடம் பத்து காப்பியைச் சொன்னேன்.
"லோனுக்கா இருக்கும்" என்றார்.
பேனா மூடியைக் கழற்றவில்லை.

ஐப்பசி மழையில் நோட்டீஸ்கள் கரைந்தன.
பஸ் ஸ்டாண்டு சுவரில் தப்பிய ஒன்றின்மேல்
யார் வீட்டுக் காதுகுத்தோ ஒட்டப்பட்டு
நெற்றி மட்டும் வெளியே தெரிந்தது.
தக்காளி அறுபதுக்கு ஏறியது.
கிரேட்கள் நிமிர்ந்து வேலைக்குப் போயின,
உட்கார இடமில்லை யாருக்கும்.

சாலம்மா மட்டும் வருவாள்,
ரேஷன் கார்டுக்கு ஒன்று, மகளின் சாதிச் சான்றுக்கு இரண்டு.
ஒருநாள் அசலை எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
"இங்கயே இருக்கட்டும்.
அது இல்லாம எங்கயும் வேலைக்கு வெக்கமாட்டாங்க.
கேட்டுக்கிட்டு இங்கதான் வருவாரு."

இந்த ஊர் சொன்னவற்றில்
அவர் திரும்பி வருவது இது ஒன்றில்தான்.

டிராயரை மூடினேன்.
பத்தைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
நிலைக்காலில் பென்சில் கோடு அழியவில்லை.
உள்ளே நுழைகிற ஆண்களின் தலை
அதைத் தாண்டும்போது பார்த்துவிடுகிறேன்.
சிலர் மேலே, சிலர் கீழே.
சுமாராக ஒத்துப்போகிறவர்களும் உண்டு,
அவர்களிடம் எத்தனை காப்பி என்று
கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்கிறேன்.